எலிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி உண்டா?



கருவடிக்குப்பத்தில் நம்ம ஆளுங்க கூடிப் பேசிக்கொண்டிருந்தபோது, புதிதாக இயற்கை விவசாயத்துக்கு வந்திருக்கும் ஒரு தம்பி எழுந்து கேட்டார்: "அண்ணே, கத்திரியில காய்ப்புழுவுக்கு இனக்கவர்ச்சிப் பொறி வைக்கிறோம். தென்னையில சிவப்புக் கூன்வண்டுக்கு வாளி கட்டுறோம். நெல்லுல குருத்துப்பூச்சிக்கும் பொறி இருக்கு. எலிக்கு மட்டும் ஏன் அப்படி ஒண்ணு இல்ல?"

சிலர் சிரித்தார்கள். "எலிக்குக் கருவாடு போதும் தம்பி" என்று ஒருவர் சொன்னார். ஆனால் அந்தக் கேள்வியில் விஷயம் இருக்கிறது. பூச்சியைப் போலவே எலியும் வாசனையால்தான் பேசிக்கொள்கிறது. பூச்சியை விட அதிகமாகவே பேசுகிறது. அந்தப் பேச்சைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால், விஷம் வைத்தும் எலி ஏன் குறையவில்லை, காலி செய்த வளையில் மறுபடியும் எலி எப்படி வருகிறது, கிட்டியில் முதல் நாள் ஏன் ஒன்றும் விழுவதில்லை என்பதெல்லாம் புரிந்துவிடும்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். என் வீடு கருவடிக்குப்பத்தில், சித்தானந்தர் கோயிலுக்குப் போகிற பக்கம். பாரதியார் வந்து உட்கார்ந்த குயில் தோப்பு என்று புதுச்சேரிக்காரர்கள் பெருமையாகச் சொல்வது இந்த ஊரைத்தான். தோப்பும் புஞ்சையுமாக இருந்த பூமி இப்போது மனையும் மாடியுமாக ஆகிவிட்டது. மரம் போனது, பெருச்சாளி போகவில்லை. பக்கத்துக் காலிமனையில் இருந்து என் பின்கட்டுச் சுவருக்கு அடியில் தோண்டிக்கொண்டு வந்து சேப்பங்கிழங்கையும் வாழைக்கட்டையையும் கடித்துப் போட்டது. அப்போது நான் முழுசாக இயற்கைக்கு வரவில்லை. கடையில் எலிக்கட்டி வாங்கி வைத்தேன். ஒரு பெருச்சாளி செத்தது. சில நாளில் எதிர்வீட்டுப் பூனையும் செத்தது. பத்து நாள் கழித்துப் பார்த்தால் அதே வளை வாயில் புது மண். பூனையைக் கொன்றதுதான் மிச்சம். அன்றோடு விஷத்தை விட்டேன். ஆனால் 'அதே வளைக்கு ஏன் வந்தது?' என்ற கேள்வி மட்டும் விடவில்லை.

மூக்குதான் கண்

நம்ம பக்கத்து நிலத்தில் வளை தோண்டி வாழும் எலிகள் முக்கியமாக நாலு வகை. வரப்பில் புது மண்ணைக் குவியலாகத் தள்ளி, வளை வாயை மண்ணால் அடைத்து வைக்கும் கரம்பை எலி. கறுத்த முரட்டு முடி, பிடித்தால் சீறும். நெல் கதிரை அறுத்துக் கொண்டுபோய் வளைக்குள் சேமிப்பது பெரும்பாலும் இதுதான். தோட்டக்கால், மணிலா போட்ட நிலங்களில் வெள்ளெலி. பிறகு புல் எலி. கடைசியாக வரப்பில் சின்ன ஓட்டை போட்டு இருக்கும் வயல் சுண்டெலி. வீட்டுப் பக்கம் பெருச்சாளி. அது கரம்பை எலிக்குப் பெரியப்பா மாதிரி.

இவை எல்லாம் இருட்டில் நடமாடுகின்றன, இருட்டில் குட்டி போடுகின்றன. வளைக்குள் கண்ணுக்கு வேலை கிடையாது. மீசையும் காதும் மூக்கும்தான் உலகம். அதிலும் எலிக்கு வாசனை பிடிக்க இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று நம்மைப் போல மூச்சு இழுக்கும்போது மணம் தெரியும் சாதாரண மூக்கு. இன்னொன்று மூக்குத் தண்டின் அடியில் இரண்டு சிறு குழாய் போல இருக்கும் உறுப்பு. டென்மார்க் மருத்துவர் லுட்விக் யாக்கப்சன் இதை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விவரித்து எழுதினார். அதனால் யாக்கப்சன் உறுப்பு என்கிறார்கள்.

இந்த உறுப்பு வேலை செய்வதை நீங்க எல்லாரும் பார்த்திருக்கீங்க. பசு பருவத்துக்கு வந்தால் காளை அதன் மூத்திரத்தை முகர்ந்துவிட்டு, மேலுதட்டைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும் இல்லையா? ஈரத்தில் இருக்கும் மணத்தை அந்த உறுப்புக்குள் இழுத்துப் படிக்கிற வேலை அது. சாரைப்பாம்பு நாக்கை வெளியே நீட்டி நீட்டி உள்ளே இழுப்பதும் இதே உறுப்புக்குத்தான். எலி தன் இனத்தான் மூத்திரத்தில் மூக்கைத் தேய்ப்பதும் அதே காரணத்துக்காகத்தான்.

மூத்திரம் ஒரு கடிதம்

பூச்சி, விலங்கு எதுவாக இருந்தாலும், தன் இனத்தைச் சேர்ந்த இன்னொன்றுக்குச் செய்தி சொல்ல வெளியே விடும் பொருளுக்கு 'பெரோமோன்' என்று பெயர். 1959-இல் ஜெர்மனியைச் சேர்ந்த பீட்டர் கார்ல்சனும் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த மார்ட்டின் லூஷரும் சேர்ந்து வைத்த பெயர் அது. அதே ஆண்டில்தான் பெண் பட்டுப்பூச்சி விடும் மணப்பொருள் என்னவென்று பூட்டனான்ட் என்ற விஞ்ஞானி கண்டறிந்து சொன்னார். நாம் இன்று கத்திரிக்காட்டில் தொங்கவிடும் பொறி அந்த வழியில் வந்ததே.

எலிக்கு இந்தச் செய்தியை எழுதும் மை பல இடங்களில் சுரக்கிறது. மூத்திரம், புழுக்கை, பிறப்புறுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் சுரப்பிகள் எல்லாம் இதில் சேரும். வெள்ளெலிக்கு வயிற்றின் நடுவில் ஒரு எண்ணெய்ச் சுரப்பி உண்டு. அது போகிற வழியில் வயிற்றைத் தரையில் தேய்த்துவிட்டுப் போகும். ராஜஸ்தானில் ஜோத்பூரில் உள்ள மத்திய வறண்ட நில ஆராய்ச்சி நிலையத்தில் ஈஸ்வர் பிரகாஷும் அவருடன் வேலை செய்தவர்களும் பாலைவன எலிகளிலும் வெள்ளெலியிலும் இந்தப் பழக்கத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள்.

நம்ம தமிழ்நாட்டிலும் வேலை நடந்திருக்கிறது. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜி. அர்ச்சுனனும் அவரது மாணவர்களும் எலியின் பிறப்புறுப்புச் சுரப்பியில் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தார்கள். ஃபார்னெசால் போன்ற எளிதில் ஆவியாகும் மணப்பொருள்கள் இருந்தன. கூடவே ஆல்ஃபா-2யு குளோபுலின் என்ற புரதமும் இருந்தது. மணம் சீக்கிரம் பறந்துவிடாமல் இந்தப் புரதம் பிடித்து வைத்துக்கொண்டு, மெல்ல மெல்ல வெளியே விடுகிறது. இனக்கவர்ச்சிப் பொறியில் ஒரு சின்ன ரப்பர் குப்பி இருக்குமே, மணத்தை வாரக்கணக்கில் கசியவிடும், அதே வேலைதான். நாம் ரப்பரில் செய்ததை எலி தன் உடம்பிலேயே செய்துகொண்டது.

அந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கும்? போனது ஆணா பெண்ணா, பெண் என்றால் சேர்க்கைக்குத் தயாரா, பலசாலியா சோதாவா, நம்ம கூட்டமா அந்நியமா, இப்போது போனதா நேற்றுப் போனதா, இவ்வளவும் தெரியும். ஆப்பிரிக்காவில் மண்ணுக்கு அடியிலேயே கூட்டமாக வாழும் முடியில்லாத அகழெலி என்று ஒன்று உண்டு. அது வளைக்குள் கழிப்பதற்கென்று தனி அறை வைத்திருக்கும். அந்த அறையில் எல்லாமே புரண்டு ஒரே மணத்தைப் பூசிக்கொள்ளும். அந்த மணம் இல்லாதவன் உள்ளே வந்தால் கடித்துத் துரத்திவிடும். குடும்ப அட்டை மாதிரி.

இன்னொரு வியப்பு. 1959-இல் லண்டனில் ஹில்டா புரூஸ் என்ற பெண் விஞ்ஞானி ஒன்றைக் கவனித்தார். சேர்ந்து சில நாளே ஆன பெண் சுண்டெலிக்குப் பக்கத்தில், அது சேர்ந்த ஆணை எடுத்துவிட்டு வேறு ஆணை வைத்தால் சினை நிற்காமல் போய்விடுகிறது. வேற்று ஆணின் மணமே அதற்குப் போதுமாக இருந்தது. ஒரு வாசனை, வயிற்றில் உள்ள கருவையே நிறுத்திவிடுகிறது என்றால் அந்த மொழிக்கு எவ்வளவு வலு என்று பாருங்க.

பயத்துக்கும் மணம் உண்டு. கலங்கிப்போன எலி ஆசனவாய்ப் பக்கம் இருந்து ஒரு மணத்தை விடுகிறது. அதை முகர்ந்த மற்ற எலி பதற்றமாகிவிடுகிறது. டோக்கியோ பல்கலைக்கழகத்தார் 2014-இல் அதில் இரண்டு பொருள்கள் சேர்ந்து இருப்பதைக் கண்டறிந்தார்கள். இரண்டும் கலந்தால்தான் அந்தப் பதற்றம் வந்தது.

'நான் இதைத் தின்றேன்'

நமக்கு மிகவும் வேண்டிய பாடம் மூத்திரத்தில் இல்லை, மூச்சில் இருக்கிறது.

கனடாவில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் பென்னட் கேலெஃப் என்பவர் 1980-களில் செய்த சோதனை இது. ஓர் எலிக்குப் புது வகைத் தீனி கொடுத்தார்கள். தின்ற பிறகு அதை இன்னோர் எலியோடு கொஞ்ச நேரம் விட்டார்கள். இரண்டாவது எலி தின்றதன் வாயை முகர்ந்தது. பிறகு இரண்டு வகைத் தீனி வைத்தால், அந்த எலி தன் தோழன் தின்ற தீனியையே அதிகம் தின்றது. 1988-இல் இதற்கான காரணத்தையும் சொன்னார்கள். எலியின் மூச்சில் கார்பன் டை சல்பைடு என்ற வாயு மிகச் சிறிதளவு இருக்கிறது. தீனியின் மணமும் இந்த வாயுவும் சேர்ந்து மூக்கில் பட்டால், 'உயிரோடு இருக்கும் ஓர் எலி இதைத் தின்றிருக்கிறது, நம்பலாம்' என்று எலியின் மூளை எடுத்துக்கொள்கிறது.

இதில் ஒரு திருப்பம் இருக்கிறது. 'ஓர் எலி விஷம் தின்று செத்தால் மற்ற எலிகளுக்குச் சேதி போய்விடும், அதனால் எதுவும் தொடாது' என்று நாம் சொல்லிக்கொண்டு இருக்கிறோம். கேலெஃப் அதையும் சோதித்தார். தின்ற எலிக்கு உடம்பு சரியில்லாமல் போனபிறகும் அதன் வாயை முகர்ந்த எலி அந்தத் தீனியைத் தேடித்தான் போனது, ஒதுங்கவில்லை. அதாவது எலியின் மூச்சு 'இதைத் தின்னு' என்று சொல்லும். 'தின்னாதே' என்று சொல்லாது.

அப்போ விஷத்தை எலி ஒதுக்குவது எப்படி? அது சொந்த அனுபவம். அமெரிக்காவில் ஜான் கார்சியா என்பவர் 1955-இல் காட்டியது: ஒரு சுவையைச் சுவைத்த பிறகு உடம்பு சரியில்லாமல் போனால், எலி அந்தச் சுவையைப் பிறகு தொடாது. எலி புதுப் பொருளைக் கண்டால் முதலில் ஓரம் கடித்துப் பார்க்கும். ஜிங்க் பாஸ்பைடு போலச் சீக்கிரம் வேலை செய்யும் விஷமாக இருந்தால், கொஞ்சம் கடித்து வயிறு கலங்கிய எலி பிழைத்துக்கொண்டு, அந்த இரையை அடையாளம் வைத்துவிடும். பிழைத்த ஒவ்வொன்றும் இப்படிப் படித்துக்கொள்வதால் வயலில் மிஞ்சுவது விஷத்துக்குத் தப்பிய எலிகளே.

இதைத் தாண்டத்தான் ரத்தம் உறையாமல் செய்து சில நாள் கழித்துக் கொல்லும் கட்டி மருந்துகள் வந்தன. எலிக்குக் காரணம் தெரியாது, அதனால் திரும்பத் திரும்பத் தின்னும். ஆனால் அந்த விஷத்தைச் சுமந்துகொண்டு நடக்கும் எலியைப் பூனை தின்கிறது, கூகை தின்கிறது. என் எதிர்வீட்டுப் பூனைக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன். கூகைக்கு எலியின் வாசனை எதுவும் வேண்டாம். கும்மிருட்டிலும் காதை வைத்தே எலியைப் பிடிக்கும் பறவை அது. சிறகு சத்தம் எலிக்குக் கேட்காது. இப்படி ஒரு காவல்காரனை நாமே விஷம் வைத்துக் கொன்றுவிட்டு எலி பெருகிவிட்டது என்கிறோம். எலிப்பசை வீட்டுக்குள் செய்த கொடுமையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மஞ்சள் பாஸ்பரஸ் எலிப்பசையைத் தமிழ்நாடு அரசு தடை செய்ததே மனித உயிர்கள் போனதால்தான்.

அப்போ பொறி உண்டா, இல்லையா?

தம்பியின் கேள்விக்கு வருவோம். கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தார் 2016-இல் ஆண் பழுப்பெலியின் மணத்தில் பெண்ணை இழுக்கும் பொருள்களைப் பிரித்து, செயற்கையாகவும் கலந்து, பொறியில் வைத்துப் பார்த்தார்கள். அந்த மணம் வைத்த பொறிகளில் பெண் எலிகள் அதிகம் விழுந்தன. ஆக, முடியாத காரியம் இல்லை.

ஆனால் பூச்சியில் நடந்தது போல எளிதாக நடக்கவில்லை. ஆண் அந்துப்பூச்சி சில நாள் வாழ்ந்து, ஒரே ஒரு மணத்தைத் தேடிப் பறப்பதற்கென்றே பிறந்தது. அந்த மணம் எங்கே இருந்தாலும் போய்த்தான் ஆகும். எலி அப்படி இல்லை. பத்து மணம் சேர்த்துப் படிக்கும், முன் அனுபவத்தோடு ஒப்பிடும், புதுப் பொருள் என்றால் சில நாள் தள்ளி நின்று பார்க்கும். பழுப்பெலிக்குச் செய்த கலவை கரம்பை எலிக்கு அப்படியே பொருந்தும் என்றும் இல்லை. நம்ம வயல் எலிக்கு என்று ஒரு ரப்பர் குப்பி வருகிறபோது வரட்டும். அதுவரைக்கும் எலி தானே எழுதி வைத்திருப்பதைப் படித்து வேலை செய்யலாம்.

மண்ணை முகர்ந்த பெரியவர்

எங்கள் குடும்ப நிலம் ஒரு காணி பாகூர்ப் பக்கம் இருக்கிறது. சம்பா அறுவடை முடிந்த கையோடு, வளை வெட்ட ஓர் இருளர் பெரியவரை அழைத்திருந்தோம். இருளர்கள் பாம்பு பிடிப்பதில் பேர் பெற்றவர்கள். பாம்புத்தோல் வியாபாரம் தடையான பிறகு 1978-இல் அவர்களுக்கென்றே பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டு, சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இன்றும் விஷமுறிவு மருந்துக்கு நஞ்சு எடுத்துத் தருகிறது. எலி பிடிப்பதும் அவர்களின் பழைய தொழில்.

வரப்பில் ஏழெட்டு வளை இருந்தது. நான் முதல் வளையிலேயே மண்வெட்டியைப் போட்டேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அதுல ஒண்ணும் இல்ல தம்பி. வாயில பூச்சிக்கூடு கட்டியிருக்கு பாரு."

அடுத்த வளை வாயில் இருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்து முகர்ந்தார். "இதுல கிழவி இருக்கா. குட்டி போட்டிருக்கா."

"எப்படிங்க ஐயா தெரியுது?"

"வாடை கெட்டியா இருக்குல்ல? ஆம்பள வளைன்னா இப்படி இருக்காது. மண்ணும் ஈரம் காயல, ராத்திரி தள்ளியிருக்கா."

வெட்டிப் பார்த்தால் பெட்டை எலி, குட்டிகள், ஒரு பக்கத்து அறையில் இரண்டு மரக்கால் அளவுக்குக் கதிர். அவர் சொன்னது எந்தச் சோதனைச் சாலைக் கருத்து என்று எனக்குத் தெரியாது. நானும் மண்ணை முகர்ந்து பார்த்தேன். எனக்கு எல்லாம் ஒரே நாற்றமாகத்தான் இருந்தது. எலி எழுதியதை ஓரளவு படிக்கக் கற்றுக்கொண்ட மனிதர்கள் நம்மிடையே இருக்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது. (நீங்க முகர்ந்து பார்க்க வேண்டாம். எலி மூத்திரத்தால் எலிக்காய்ச்சல் வரும். வளை வெட்டும்போது கையில் காலில் புண் இருந்தால் மூடிக்கொள்ளுங்க, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்க.)

முடிந்து கிளம்பும்போது அவர் சொன்னது: "வெட்டுன குழிய மூடி மிதிச்சுட்டுப் போ தம்பி. உட்டுட்டுப் போனா, நாளைக்கே வேற ஒருத்தி குடி வந்துடுவா."

என் பின்கட்டுப் பெருச்சாளிக் கதைக்கு விடை இதுதான். நான் எலியைக் கொன்றேன், வீட்டை விட்டுவைத்தேன். தோண்டி முடித்த வளை, அறைகள், உள்ளே கொஞ்சம் தீனி, 'இங்கே ஒருத்தி நன்றாக வாழ்ந்தாள்' என்று சொல்லும் மணம். எலிகள் தம் இனத்தின் மூத்திரமும் புழுக்கையும் கிடக்கும் இடத்தில் தீனி தின்பதை விரும்புகின்றன என்று ஆய்வுகளும் சொல்கின்றன. வருகிறவளுக்கு வேறு என்ன வேண்டும்?

வாசனை வைத்து விரட்டலாமா?

பூனை முடியை வளையில் போடுவது, நொச்சித் தழையை வைப்பது, நாற்றமடிக்கும் கரைசலை வரப்பில் ஊற்றுவது என்று நமக்குள் பல முறைகள் இருக்கின்றன. எலிக்குப் பூனை மணத்தின் மேல் பிறவியிலேயே பயம் உண்டு. பூனையையே பார்க்காமல் வளர்ந்த எலியும் ஒதுங்கும். இந்தப் பயம் மூளையில் எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்பதற்கு ஒரு சான்று உண்டு. டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பூனை வயிற்றில்தான் முழு வளர்ச்சி பெறும். அது தொற்றிய எலிகள் பூனை மணத்துக்குப் பயப்படாமல் போனதை 2000-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். பூனை வாய்க்கு எலியை அனுப்ப ஒட்டுண்ணி செய்யும் தந்திரம்!

ஆனால் வெறும் மணம் மட்டும் இருந்து பூனை வராமலே போனால், எலி சில நாளில் பழகிவிடும். தழை நாற்றமும் அப்படித்தான். கதிர் முற்றும் அந்த ஒரு வாரத்தைக் கடத்த உதவலாம். அதை மட்டுமே நம்பி ஒரு போகத்தை விட முடியாது. இதை நம்ம ஆளுங்க கிட்டயே நேர்மையாகச் சொல்லிக்கொள்ள வேண்டும்.

வயலில் செய்ய வேண்டியது

1. கிட்டி வைக்கும்போது முதல் இரண்டு மூன்று நாள் விசையைக் கட்டாமல் இரையை மட்டும் வையுங்க. எலிக்குப் புதுப் பொருள் மேல் உள்ள சந்தேகம் போகும். தின்ற எலியின் வாய் மணம் மற்றதையும் கூட்டி வரும். இரை தீர்வது தெரிந்தபிறகு எல்லாக் கிட்டியையும் ஒரே ராத்திரியில் கட்டுங்க. தஞ்சாவூர்க் கிட்டி, கூண்டுப் பொறி இரண்டுக்கும் இது பொருந்தும். இரையை நடுவில் மாற்ற வேண்டாம். நெல் என்றால் நெல், கருவாடு என்றால் கருவாடு.

2. கிட்டியை நமக்குத் தோன்றிய இடத்தில் வைக்காமல், புழுக்கை கிடக்கும் இடத்திலும் எலி நடந்து தேய்ந்த தடத்திலும் வையுங்க. எலி ஏற்கெனவே முகவரி எழுதி வைத்த இடம் அது.

3. எலி பிடித்த கூண்டைத் தண்ணீரில் அலசி வெயிலில் காயவைத்தால் போதும். வாசனைச் சோப்பு வேண்டாம். பல வயல் எலிகளில் செய்த ஆய்வுகளில், முன்பு எலி இருந்த கூண்டில் தன் இனத்து எலி அதிகம் விழுந்திருக்கிறது. ஆனால் பிடிபட்ட எலியை நாள் முழுக்கக் கூண்டிலேயே துடிக்க விடாதீங்க. அது பாவம் என்பது ஒரு பக்கம். பயந்த மணம் அங்கே படிவது இன்னொரு பக்கம்.

4. எது குடியிருக்கும் வளை என்று தெரிய, சாயங்காலம் எல்லா வாயையும் மண்ணால் மூடுங்க. காலையில் திறந்திருப்பதில்தான் எலி இருக்கிறது. அதை மட்டும் வெட்டுங்க. வெட்டியபின் அறைகளை உடைத்து, மூடி, மிதித்துவிடுங்க. உள்ளே இருக்கும் நெல்லில் மூத்திரம் பட்டிருக்கும், சாப்பாட்டுக்கு எடுக்காதீங்க.

5. வரப்பைக் குறுக்குங்க. 45 சென்டிமீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் வேண்டாம் என்பது வேளாண் துறையின் பழைய பரிந்துரை. கரம்பை எலி அறை அறையாக வீடு கட்ட அகலமான வரப்பு தேவை. கோடை உழவின்போதே வரப்பையும் செதுக்கிவிடுங்க.

6. வேலையை அறுவடை முடிந்த உடனேயும், நடவு முடிந்த சில வாரத்துக்குள்ளும் செய்யுங்க. நெல் பொதி கட்டும் பருவத்தில் எலி குட்டி போடத் தொடங்கிவிடும். அதற்கு முன் ஒரு பெட்டையைப் பிடிப்பது, பிறகு ஒரு குடும்பத்தையே பிடிப்பதற்குச் சமம்.

7. தனியாகச் செய்யாதீங்க. நீங்க காலி செய்த இடத்தைப் பக்கத்து வரப்பு எலி ஒரு வாரத்தில் மோப்பம் பிடித்துவிடும். மதகுக்கு மதகு, ஒரே வாரத்தில் எல்லாரும் இறங்க வேண்டும்.

8. கூகைக்கும் ஆந்தைக்கும் வயலில் உட்காரக் குச்சி நடுங்க. பனையையும் பழைய பொந்து மரத்தையும் வெட்டாதீங்க. காவிரிப் படுகையில் கூகை உமிழ்ந்த உருண்டைகளைப் பிரித்துப் பார்த்த ஆய்வுகளில் பெரும்பகுதி எலி எலும்பாகவே இருந்திருக்கிறது.

ஊரே சேர்ந்து செய்ய வசதி இருந்தால் இன்னொன்றும் இருக்கிறது. மலேசியாவில் தொடங்கி இந்தோனேசியா, வியட்நாம் நெல் விவசாயிகளிடம் பரவிய முறை. ஊர் நடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே ஒரு சின்னத் துண்டில் நெல் நடுகிறார்கள். சுற்றிலும் பிளாஸ்டிக் தாள் வேலி. வேலியில் அங்கங்கே ஓட்டை, ஓட்டைக்கு உள்பக்கம் கூண்டு. மற்ற வயல் பச்சையாக இருக்கும்போது இந்தத் துண்டு முதலில் கதிர் விடும். சுற்றுவட்டார எலி அத்தனையும் அங்கே தேடி வந்து கூண்டில் விழும். நம்ம பாகூர் ஏரிப் பாசனம் போல ஒரே நேரத்தில் நடவு நடக்கும் இடங்களில் இதைச் செய்து பார்க்கலாம். தம்பி கேட்ட கவர்ச்சிப் பொறிக்கு மிக அருகில் வருவது இதுதான். இதில் கவர்ச்சிப் பொருள் நெற்கதிரே.

என் வீட்டுப் பின்கட்டில் இப்போது என்ன நிலைமை என்று கேட்பீங்க. பெருச்சாளி வளையை முழுசாகத் தோண்டி உடைத்தேன். கல்லும் மண்ணுமாகப் போட்டு இடித்து மூடினேன். காலிமனைக்காரரிடம் சொல்லிக் குப்பையை எடுக்க வைத்தேன். கூண்டை மூன்று நாள் திறந்தே வைத்து, நாலாம் நாள் கட்டினேன், இரண்டு விழுந்தன. சேப்பங்கிழங்கு இந்த முறை வீட்டுக்கு வந்தது. எதிர்வீட்டில் புதுப் பூனைக்குட்டி ஒன்று வளர்கிறது. அதைப் பார்க்கும்போது மட்டும் மனசு கொஞ்சம் உறுத்துகிறது.

உங்க பக்கம் கிட்டிக்கு என்ன இரை வைக்கிறீங்க, எத்தனை நாள் கட்டாமல் விடுறீங்க, எந்த எலி அதிகம் என்று எழுதுங்க. வளை வெட்டத் தெரிந்த இருளர் குடும்பங்கள் உங்க ஊர்ப் பக்கம் இருந்தால், கூலி பேசும்போது அவர்கள் சொல்வதையும் உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்க.